ஸ்பீக்கிங் டெஸ்ட்டில் பார்க் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்கள் பலர், அதில் வரும் ஸ்பீக்கிங் டெஸ்ட்டுக்காகச் செயற்கை நுண்ணறிவு, பருவநிலை மாற்றம், கல்விமுறை என்று கனமான தலைப்புகளைத்தான் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் எக்ஸாமினர் சாவகாசமாக "டூ யூ லைக் கோயிங் டு பார்க்ஸ்?" என்று கேட்பார். உடனே வருகிற பதில்: "யெஸ், ஐ லைக் பார்க்ஸ். இட் இஸ் வெரி பீஸ்ஃபுல். வீ கெட் ஃப்ரெஷ் ஏர் அண்ட் அவர் மைண்ட் பிகம்ஸ் ரிலாக்ஸ்ட்." அதோடு சரக்கு தீர்ந்துவிடும். எக்ஸாமினர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இந்தப் பதிலில் சொல்லும்படியான தப்பு எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று காட்டவும் இதில் எதுவும் இல்லை. எல்லா வினைச்சொல்லும் நிகழ்காலம், எல்லா வார்த்தையும் பள்ளிக்கூடக் கட்டுரையில் வந்தது, எந்தப் பார்க் என்றுகூடத் தெரியவில்லை. இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று பலர் "செரீன்", "டிராங்க்வில்", "பிக்சரெஸ்க்" என்று பெரிய வார்த்தைகளைத் தேடிப் பிடித்துச் செருகுகிறார்கள். அது வேலைக்கு ஆகாது, நடுவில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பார்க்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசப் பழகுங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இறந்தகாலம், ஒப்பீடு, நிபந்தனை வாக்கியம் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

டெஸ்ட் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதி 4 அல்லது 5 நிமிடம், உங்களைப் பற்றியும் அன்றாட விஷயங்கள் பற்றியும் சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள், யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். மூன்றாம் பகுதி மறுபடியும் 4 அல்லது 5 நிமிடம், அதே தலைப்பை ஒட்டிய பொதுவான விவாதம். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நாலு அம்சங்களுக்கும் சம மதிப்பு. பார்க்கைப் பற்றி நீங்கள் என்ன கருத்து வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு மார்க் கிடையாது, அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதற்குத்தான். பார்க்கே பிடிக்காது, கொசுக்கடி தாங்க முடியாது என்றுகூடத் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில் ஒரு பார்க்கைத் தேர்ந்தெடுங்கள்

பிரபலமான இடமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தெருமுனையில் ரெண்டு ஊஞ்சலும் ஒரு துருப்பிடித்த சறுக்குமரமும் இருக்கிற கார்ப்பரேஷன் பார்க் போதும். சென்னையில் லஸ் பக்கம் இருந்தால் நாகேஸ்வரராவ் பூங்கா, கோவை என்றால் வ.உ.சி. பூங்கா, யாழ்ப்பாணம் என்றால் சுப்பிரமணியம் பூங்கா, எதுவானாலும் சரி. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் இப்போது இருக்கும் ஊரில் ஒன்றும் சொந்த ஊரில் ஒன்றுமாக வைத்துக்கொண்டால், ஒப்பிட்டுப் பேசத் தோதாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் அங்கே போய் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கூட்டம் சேர்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, நீங்கள் சின்ன வயதில் பார்த்ததற்கு இப்போது என்ன மாறியிருக்கிறது, எது எரிச்சல் தருகிறது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே குறிக்கலாம். கடைசியாகச் சொன்ன எரிச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறை சொல்லும்போது யாருக்கும் நாக்கு தானாக ஓடும். பூட்டியே கிடக்கும் கழிப்பறை, எட்டு மணிக்கே விசில் அடித்து விரட்டும் வாட்ச்மேன், நடைபாதையில் வரிசையாக நின்று வழிமறிக்கும் கும்பல் பற்றியெல்லாம் பேசும்போது தயக்கம் குறையும், குரலில் ஏற்ற இறக்கம் வரும். "பீஸ்ஃபுல்" என்று சொல்லும்போது அதெல்லாம் வராது.

முதல் பகுதி: சொல்லு, காரணம் சொல்லு, ஒரு காட்சி காட்டு, நிறுத்து

முதல் பகுதியில் ஒரு கேள்விக்கு ரெண்டிலிருந்து நாலு வாக்கியம் போதும். ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள், பிரசங்கமும் பண்ணாதீர்கள். மேலே பார்த்த அதே கேள்விக்கு இப்படி ஒரு பதில் சொல்லலாம்:

"யெஸ், மோஸ்ட்லி இன் தி ஈவ்னிங்ஸ். தேர்ஸ் எ ஸ்மால் பார்க் பிஹைண்ட் அவர் ஸ்ட்ரீட் வேர் எ க்ரூப் ஆஃப் ரிட்டயர்ட் மென் ப்ளே செஸ், அண்ட் டு பி ஆனஸ்ட், ஐ என்ஜாய் வாட்சிங் தெம் ஆர்க்யூ மோர் தேன் ஐ என்ஜாய் வாக்கிங்."

இதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் உள்ளே பாருங்கள்: "வேர்" போட்டு ரெண்டு வாக்கியத்தை இணைத்தாயிற்று, "மோர் தேன்" போட்டு ஒப்பிட்டாயிற்று, "டு பி ஆனஸ்ட்" என்று பேச்சு வழக்கும் வந்துவிட்டது. கேட்கிறவர் கண்ணுக்கு ஒரு காட்சியும் தெரிகிறது.

சின்ன வயதில் பார்க்குக்குப் போனீர்களா என்று கேட்டால், இறந்தகாலத்துக்கு மாறுங்கள் என்று எக்ஸாமினரே கதவைத் திறந்துவிடுகிறார் என்று அர்த்தம். "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு டேக் மீ எவ்ரி சண்டே, அண்ட் ஹீ வுட் பை மீ சுண்டல் ஆன் த வே பேக்." சுண்டலை அப்படியே சுண்டல் என்று சொல்லலாம், அது என்னவென்று உடனே அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும்: "பாயில்ட் சிக்பீஸ் வித் கோகனட்". ஒரு வார்த்தை கிடைக்காதபோது அதைச் சுற்றி வளைத்து விளக்கிச் சொல்லத் தெரிவதும் சொல்வளத்தில் சேர்த்திதான். திணறி மௌனமாக நிற்பதுதான் ஆபத்து.

நம் ஆட்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடங்கள்

இந்தத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகள் உண்டு. இவற்றில் முக்கியமானது "யூஸ்ட் டு". இன்றைக்கும் தினமும் போகிறவர்கள் "ஐ யூஸ்ட் டு கோ டு பார்க் டெய்லி" என்கிறார்கள். நம் ஊரில் அது புரிந்துவிடும். ஆனால் எக்ஸாமினர் காதில் "முன்னெல்லாம் போவேன், இப்போது போவதில்லை" என்று விழும். அடுத்த வாக்கியத்திலேயே "டுடே மார்னிங் ஆல்ஸோ ஐ வென்ட்" என்று நீங்கள் சொன்னால் அவர் குழம்பிப்போவார். இப்போதைய பழக்கத்துக்கு வெறும் "ஐ கோ" போதும். "டுடே மார்னிங்" என்பதை "திஸ் மார்னிங்" ஆக்கிவிடுங்கள். இதோடு சேர்ந்தே வருவது "ஐ ஆம் கோயிங் டெய்லி", அதற்கும் அதே "ஐ கோ" தான் மருந்து.

அடுத்தது "ஒன் பார்க் இஸ் தேர் நியர் மை ஹவுஸ்". தமிழில் "ஒரு பார்க் இருக்கு" என்று யோசித்துப் பேசுவதால் வருவது. "தேர்ஸ் எ பார்க் நியர் மை ஹவுஸ்" என்று வாயில் பழகும்வரை சொல்லிப் பாருங்கள். "எ"வும் "த"வும் நமக்கு எப்போதும் தகராறுதான். இந்தத் தலைப்புக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன்: முதல்முறை சொல்லும்போது "எ பார்க்", அதே பார்க்கை அடுத்தமுறை சொல்லும்போது "த பார்க்", பொதுவாகப் பார்க்குகள் என்றால் எதுவும் இல்லாமல் "பார்க்ஸ்". வெறும் "பார்க்" என்று மொட்டையாக மட்டும் விடாதீர்கள்.

"ஐ கோ ஃபார் வாக்கிங்" என்பதை "ஐ கோ ஃபார் எ வாக்" என்று மாற்றுங்கள். "கிரீனரி"க்குப் பன்மை கிடையாது, "கிரீனரீஸ்" என்று சொல்லக் கூடாது. (அந்த வார்த்தையே இல்லாமல் பேச முடிந்தால் இன்னும் நல்லது. பச்சையாக இருக்கிறது என்பதை விட அங்கே தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, "ரெயின் ட்ரீ" என்று சொன்னால் எவ்வளவு மேல்!) "சில்ட்ரன்" ஏற்கெனவே பன்மை, அதன் பின்னால் இன்னொரு "ஸ்" வேண்டாம். "கசின் பிரதர்" வேண்டாம், "கசின்" போதும். "மார்னிங் ஒன்லி", "தேர் ஒன்லி" என்று தமிழ்த் "தான்" இருக்கும் இடத்திலெல்லாம் "ஒன்லி" போடுவதையும் நிறுத்துங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் திருத்த முயன்றால் பேச்சே நின்றுபோகும். வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அதை மட்டும் கவனியுங்கள்.

இரண்டாம் பகுதி: அந்த ஒரு நிமிடத்தில் என்ன எழுதுவது

"நீங்கள் போய் ரசித்த ஒரு பூங்காவையோ தோட்டத்தையோ விவரியுங்கள்" என்ற மாதிரி அட்டை வரும். கீழே எங்கே இருக்கிறது, எப்போது போனீர்கள், யாருடன் போனீர்கள், ஏன் பிடித்தது என்று மூன்று நான்கு குறிப்பு இருக்கும். பெரும்பாலோர் இந்தக் குறிப்புகளுக்கு வரிசையாக ஒவ்வொரு வாக்கியம் சொல்லி நாற்பது விநாடியில் முடித்துவிட்டு எக்ஸாமினர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அட்டையோடு பேப்பரும் பென்சிலும் தருவார்கள். அதில் முழு வாக்கியம் எழுதாதீர்கள், நேரம் போய்விடும். உதாரணத்துக்கு அண்ணா நகர் டவர் பார்க்கை எடுத்துக்கொள்வோம். 1968இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், உயரம் 135 அடி, 2011இல் மேலே ஏறத் தடை விதித்தார்கள், 2023இல் மறுபடி திறந்தார்கள். இந்த நாலு தகவலே உங்களுக்கு இலக்கணத்தைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிடும். பேப்பரில் இவ்வளவு போதும்:

டவர், 1968
மாமா, எட்டு வயசு
மூடல் 2011, வாட்ச்மேன்
2023, கம்பி வலை, மூச்சு வாங்கியது
அக்கா பையன்

இதை வைத்துக்கொண்டு காலத்தின் வழியாகவே நடந்துபோங்கள். கோபுரம் எப்போது, எதற்குக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும்போது "இட் வாஸ் பில்ட் ஃபார் எ ட்ரேட் ஃபேர் இன் நைன்டீன் சிக்ஸ்டி எய்ட்" என்று செயப்பாட்டு வினை வரும். மாமா கூட்டிப்போன கதையில் சாதாரண இறந்தகாலம்: "ஐ வாஸ் அபவுட் எய்ட் வென் மை அங்கிள் ஃபர்ஸ்ட் டுக் மீ அப்." மூடித் திறந்ததைச் சொல்லும்போது "இட் ஹேட் பீன் ஷட் ஃபார் மோர் தேன் எ டெகேட் வென் தே ஃபைனலி ரீஓப்பன்ட் இட்" என்று பலரும் தொடவே பயப்படும் "ஹேட் பீன்" இயல்பாக உட்கார்ந்துவிடும். அக்கா பையனைக் கூட்டிப்போகப் போவதைச் சொன்னால் எதிர்காலம். கடைசியில் நேரம் மிச்சமிருந்தால் ஒரு "இஃப்": "இஃப் தே ஹேட் கெப்ட் இட் க்ளோஸ்ட், ஹீ வுட் நெவர் கெட் டு சீ ஹிஸ் ஓன் நெய்பர்ஹுட் ஃப்ரம் அபவ்."

சுற்றிச் சுற்றி ஏறும்போது மூச்சு வாங்கியதை ஒரு வரி, மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது எது என்று ஒரு வரி, இப்படி ஒரு இடத்தில் நின்று நிதானமாக விவரித்தால் ரெண்டு நிமிடம் போதாமல் போகும். ரெண்டு நிமிடம் ஆனதும் எக்ஸாமினர் நிறுத்திவிடுவார், பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் அதற்காக மார்க் குறையாது. அவர் கடமை அது. உடனே ஒன்றோ இரண்டோ சின்னக் கேள்வி கேட்பார், ஓரிரு வாக்கியத்தில் பதில் சொன்னால் போதும்.

இதையே ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்கும் செய்யலாம். 1848லிருந்து இருக்கிற இடம், மே மாதம் மலர்க் கண்காட்சி, 2 கோடி ஆண்டு பழமையானது என்று போர்டு வைத்திருக்கும் கல்மரம் என்று பேச நிறைய இருக்கிறது. ஆனால் ஊட்டி பற்றிப் பேசுகிறவர்கள் விக்கிப்பீடியா மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தகவல் ஒன்று சொன்னால் உங்கள் கதை இரண்டு சொல்லுங்கள். மலர்க் கண்காட்சி நெரிசலில் தம்பியைத் தொலைத்துத் தேடியது மாதிரி ஏதாவது வீட்டுக்கு வீடு இருக்கும்.

மூன்றாம் பகுதி: பார்க்கிலிருந்து ஊருக்கு

இங்கே "நான், என் வீடு" என்பதிலிருந்து "மக்கள், நகரம், அரசாங்கம்" என்று மேலே ஏற வேண்டும். நகரங்களில் இன்னும் பார்க்குகள் கட்ட வேண்டுமா, முதியவர்களும் குழந்தைகளும் பார்க்கைப் பயன்படுத்துவதில் என்ன வித்தியாசம், நுழைவுக் கட்டணம் வாங்குவது சரியா என்று கேட்கலாம். இதற்குப் பொத்தாம்பொதுவாக "கவர்ன்மென்ட் ஷுட் டேக் நெசசரி ஸ்டெப்ஸ்" என்று சொல்லிவிட்டு உட்காராதீர்கள், அது அரசியல் மேடைப் பேச்சு. பொதுக்கருத்து ஒன்று, அதற்கு ஊரிலிருந்து ஓர் உதாரணம், அப்புறம் "ஆனால்" என்று மறுபக்கம் ஒன்று, இந்த வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. கதீட்ரல் ரோட்டில் பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. காரில் உட்கார்ந்தே தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு அது இழப்பு, இன்று அங்கே நடக்க வருகிறவர்களுக்கு அது லாபம். இதை வைத்து "சம் பீப்பிள் ஸ்டில் மிஸ் த ரெஸ்டாரன்ட், வேர்ஆஸ் அதர்ஸ் ஆர் கிளாட் தட் த லேண்ட் வாஸ்'ன்ட் டர்ன்ட் இன்டு எ மால்" என்று ஒரே வாக்கியத்தில் ரெண்டு பக்கமும் பேசிவிடலாம். பார்க் எதற்கு என்று கேட்டால் எல்லோரும் ஆக்சிஜன் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் மழைத்தண்ணீர் பற்றிப் பேசுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர், அதற்குப் பின் கார்ப்பரேஷனே சில பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்க "ஸ்பாஞ்ச் பார்க்" என்று குளம் வெட்டியிருக்கிறது. "பார்க்ஸ் கேன் சோக் அப் ரெயின்வாட்டர் தட் வுட் அதர்வைஸ் ஃப்ளட் த ஸ்ட்ரீட்ஸ்" என்று ஒரு வாக்கியம் போதும்.

யோசிக்க நேரம் வேண்டுமானால் "ஐ ஹேவ்'ன்ட் ரியலி தாட் அபவுட் தட், பட்..." என்று ஆரம்பிக்கலாம். ஒரு தடவைதான். ஒவ்வொரு கேள்விக்கும் "தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்" என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம்.

உச்சரிப்பு

தமிழ்ப் பேச்சின் சாயல் இருப்பது தப்பே இல்லை. பிரிட்டிஷ்காரர் மாதிரிப் பேச முயல வேண்டாம், கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியவை சில: கடைசியில் உகரம் சேர்க்காதீர்கள், "பார்க்கு", "பென்ச்சு" வேண்டாம். "ஈவ்னிங்" முன்னால் யகரம் ஒட்டி "யீவ்னிங்" ஆகிறதா, "ஓப்பன்" முன்னால் வகரம் ஒட்டி "வோப்பன்" ஆகிறதா என்று பாருங்கள். "வாக்" எழுத்தில் இருக்கும் "எல்" ஒலிக்காது. "ஃபவுன்டன்", "ஃப்ளவர்ஸ்" இரண்டிலும் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் "பவுன்டன்" என்றாகிவிடும். "ட்ரீஸ்", "பெஞ்சஸ்" கடைசியில் வருவது தேனீ ரீங்காரம் போன்ற அதிரும் ஒலி, அதை முழுங்கிவிட்டால் ஒருமைக்கும் பன்மைக்கும் வித்தியாசம் தெரியாது. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம்: "கார்டன்" முதல் அசையில், "பொட்டானிக்கல்" இரண்டாம் அசையில்.

பழகுவது எப்படி

போனில் ரெக்கார்டரை ஆன் செய்து ரெண்டு நிமிடம் பேசுங்கள். கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம்தான், பரவாயில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் திருத்திக்கொண்டு அதே கேள்விக்கு மறுபடி பேசுங்கள், ஆனால் அதே வாக்கியங்களில் பேசாதீர்கள். மூன்றாவது தடவை வேறொரு பார்க்கைப் பற்றிப் பேசுங்கள். எழுதி வைத்து மனப்பாடம் செய்யவே செய்யாதீர்கள். ஒப்பிக்கிற குரல் ஒரு மாதிரி தட்டையாக, மூச்சு விடாமல் வரும், எக்ஸாமினருக்கு உடனே தெரிந்துவிடும், திடீரென்று வேறு கேள்வி போட்டு உங்களை இறக்கிவிடுவார். இந்தக் கட்டுரையில் இருக்கும் செஸ் ஆடும் தாத்தாக்களும் மாமாவும் என் உதாரணங்கள்தான், அவர்களை இங்கேயே விட்டுவிட்டு உங்கள் தெரு ஆட்களைக் கூட்டிப்போங்கள்.

சில சென்டர்களில் எக்ஸாமினர் நேரில் இருக்க மாட்டார், வீடியோ காலில் பேசுவார். அப்படியானால் வீட்டிலேயே யாராவது நண்பரை வீடியோ காலில் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், அந்தச் சின்னத் தாமதம் முதலில் தடுமாற வைக்கும். கேள்வி காதில் விழவில்லை என்றால் "சாரி, குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" என்று கேளுங்கள். புரியாத கேள்விக்கு யூகமாகப் பதில் சொல்லிப் பார்க்கிங் பற்றிக் கேட்டதற்குப் பார்க் பற்றிப் பேசிவிட்டு வந்தவர்களும் உண்டு.